50ஆ, 85ஆ? வடசென்னை வீட்டுக்குள்ளும் தெருவிலும் முகம் எடுக்க ஒரு பிரைம் லென்ஸ்

கேள்வி இது: தண்டையார்பேட்டையில் இருக்கிறீர்கள். கையில் கேனன் 200டி கேமரா, கூடவே வந்த 18-55 கிட் லென்ஸ், ஒரு 55-250 ஜூம் லென்ஸ். வீட்டு விசேஷம், காசிமேடு, கேரம் கிளப் என்று மனிதர்களை எடுக்க ஒரு பிரைம் லென்ஸ் (ஜூம் ஆகாத, ஒரே மி.மீ. கொண்ட லென்ஸ்) வேண்டும். 50 மி.மீ. எஃப் 1.8 (எஃப் எண் சிறியதானால் லென்ஸின் திறப்பு பெரிது) போதுமா, 85 எஃப் 1.8 வரை போகலாமா, கொஞ்சம் கடன் வாங்கியாவது எஃப் 1.4 எடுத்தால் பேக்ரவுண்ட் நன்றாகக் கரையுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

50 எஃப் 1.8 எஸ்டிஎம் (கேனன் ஃபோகஸ் மோட்டாரில் ஒரு வகை) வாங்குங்கள். உங்கள் கேமரா பாடிக்கும் நீங்கள் எடுக்கப்போகும் இடங்களுக்கும் அதுதான் சரி. 85 நல்ல லென்ஸ், ஆனால் அதற்குத் தேவையான தூரம் நம் வீடுகளில் கிடையாது. எஃப் 1.4 இப்போதைக்கு வேண்டாம். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் பெரும்பாலானவர்கள் எஃப் எண்ணைப் பார்த்துக் காசு செலவழிக்கிறார்கள். பார்க்க வேண்டியது நிற்கும் இடத்தை.

முதலில் தூரம். 200டியின் சென்சரில் நீளப் பக்கம் 22.3 மி.மீ. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால், ஃபிரேமுக்குள் எத்தனை அடி உயரம் வரவேண்டுமோ அதை லென்ஸின் மி.மீ.யால் பெருக்கி 22.3-ஆல் வகுங்கள். நீங்கள் எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்பது ஏறக்குறைய வந்துவிடும். தலையும் தோளும் மட்டும் என்றால் ஃபிரேம் உயரம் 2 அடி. 50 மி.மீ.யில் நாலரை அடி தூரம், 85-இல் ஏழரை அடி. இடுப்பு வரை என்றால் 3 அடி ஃபிரேம். 50-இல் சுமார் 6.7 அடி, 85-இல் 11 அடிக்கும் மேல். தலை முதல் கால் வரை, மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டு ஆறரை அடி என்று வைத்துக்கொள்ளுங்கள்: 50-இல் 14 முதல் 15 அடி, 85-இல் 25 அடி.

இப்போது உங்கள் வீட்டு ஹாலை மனதில் கொண்டு வாருங்கள். பழைய வண்ணாரப்பேட்டையிலோ ராயபுரத்திலோ சந்துக்குள் இருக்கும் வீட்டில் ஹால் பத்துக்குப் பத்து, பத்துக்குப் பன்னிரண்டு இருந்தால் பெரிது. அதில் கட்டிலும் பீரோவும் போக, உங்கள் முதுகுக்கும் எடுக்கப்படுபவரின் முதுகுக்கும் இடம் விட்டால், நடுவில் மிஞ்சுவது ஆறு ஏழு அடி. 50-இல் இடுப்பு வரை அப்படி இப்படி எடுத்துவிடலாம். 85-இல் முகத்தைத் தவிர வேறொன்றும் வராது. வளைகாப்பில் கையில் வளையல் அடுக்கியிருப்பதைக் காட்ட நினைத்தால் நீங்கள் சமையலறைக்குள் போய் நிற்க வேண்டும். 25 அடி என்பது பல தெருக்களின் அகலத்தைவிட அதிகம். முழு உருவம் எடுக்கப் பின்னால் போனால் நடுவில் பைக் வரும், ஆட்டோ வரும்.

அதற்காக மிகக் கிட்டவும் போகக்கூடாது. முக அமைப்பு மாறுவது லென்ஸின் மி.மீ.யால் அல்ல, தூரத்தால்தான். மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே ஏறத்தாழ 12 செ.மீ. ஆழம் இருக்கும். இரண்டு அடியில் நின்று எடுத்தால் காதோடு ஒப்பிடும்போது மூக்கு சுமார் 20 சதவீதம் பெரிதாகத் தெரியும்; ஐந்து அடியில் அது 8 சதவீதமாகக் குறைந்துவிடும். போனில் எடுத்த முகம் உருண்டையாகத் தெரிவதன் காரணமும் இதுதான். தலை-தோள் படத்துக்கு நாலரை அடிக்குக் குறையாமல் நில்லுங்கள். 50-ஐ உங்கள் பாடியில் மாட்டினால் அந்தத் தூரம் தானாகவே அமைந்துவிடுகிறது. பெரிய சென்சர் கொண்ட ஃபுல் ஃபிரேம் கேமராவில் 85 தரும் கோணமும் கிட்டத்தட்ட இதேதான், ஏனென்றால் உங்கள் சென்சர் அதைவிட 1.6 மடங்கு சிறியது, 50-ஐ 1.6-ஆல் பெருக்கினால் 80. 'போர்ட்ரெய்ட்டுக்கு 85தான்' என்று வீடியோக்களில் சொல்பவர்கள் ஃபுல் ஃபிரேமை மனதில் வைத்துச் சொல்கிறார்கள். அதை அப்படியே உங்களுடையதுபோல் சிறிய சென்சர் உள்ள கிராப் பாடிக்குக் கொண்டு வந்தால் 136 மி.மீ. கோணம் கையில் வந்து நிற்கும்.

அடுத்து பேக்ரவுண்ட் கரைவது. இதற்கு மனதில் வைத்துக்கொள்ளத் தக்க ஓர் எளிய அளவு உண்டு. லென்ஸின் மி.மீ.யை எஃப் எண்ணால் வகுத்தால் அதன் திறப்பின் விட்டம் கிடைக்கும். 50 எஃப் 1.8-க்கு 28 மி.மீ., ஏறக்குறைய பத்து ரூபாய் நாணயம். 85 எஃப் 1.8-க்கு 47 மி.மீ. 50 எஃப் 1.4-க்கு 36 மி.மீ. வெகு தூரத்தில் இருக்கும் ஒரு விளக்கு, படத்தில் முகத்தின் அளவோடு ஒப்பிட்டால், அதே விட்டமுள்ள வட்டமாகக் கரைந்து தெரியும். அதாவது 50 எஃப் 1.8-இல் தூரத்து விளக்கு ஒவ்வொன்றும் அந்த முகத்தின் மேல் பத்து ரூபாய் நாணயத்தை வைத்தால் எவ்வளவு பெரிதாக இருக்குமோ அவ்வளவு பெரிதாக இருக்கும். கடற்கரைச் சாலையிலோ மொட்டை மாடியிலோ, பின்னால் நூறு அடி காலியாக இருந்தால் 85-இன் பலன் கண்கூடாகத் தெரியும்: தூரம் நூறு அடிதான் என்பதால் 28-உம் 47-உம் சற்றுக் குறைந்து, 27 மி.மீ.க்குப் பதில் 44 மி.மீ. வட்டம்.

ஆனால் பின்னால் சுவர் இருந்தால் கதையே வேறு. ஆளுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை, கேமராவுக்கும் சுவருக்கும் உள்ள மொத்தத் தூரத்தால் வகுத்து, அதைத் திறப்பின் விட்டத்தால் பெருக்குங்கள். தலை-தோள் படம், சுவர் மூன்றடி பின்னால் என்று வைத்தால் 50 எஃப் 1.8 தருவது 11 மி.மீ. கரைசல். 85 எஃப் 1.8 தருவது 13 மி.மீ. சுவர் ஓரடி பின்னால் என்றால் இரண்டுமே ஐந்து மி.மீ.தான். மூன்று நான்கு மடங்கு விலை கொடுத்து வாங்கிய லென்ஸ், காலண்டர் மாட்டிய சுவரை அதே அளவுக்குத்தான் கரைக்கும். இப்போது 50-ஐயே வைத்துக்கொண்டு, சுவருக்கு ஓரடி முன்னால் நிற்பவரை இன்னும் ஐந்தடி முன்னால் வரச் சொல்லுங்கள். நீங்களும் அதே அளவு பின்னால் போங்கள். கரைசல் 5 மி.மீ.யிலிருந்து 16 மி.மீ. ஆகிவிடும். எந்த எஃப் 1.4-உம் அந்த வேலையைச் செய்யாது.

இந்த ஒரு கணக்குக்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நம் பகுதியில் படம் எடுப்பவர்கள் லென்ஸை மாற்றுவதற்கு முன் ஆளை நகர்த்திப் பழக வேண்டும். ஹாலின் குறுக்கே சுவரில் சாய்த்து உட்கார வைக்காமல், வாசல் பக்கம் முகம் திருப்பி, நடை முழுவதும் பின்னால் வரும்படி உட்கார வையுங்கள். சந்து வீடுகளில் அகலம் கிடைக்காது, ஆனால் வாசலிலிருந்து பின்கட்டு வரை நீளம் கிடைக்கும். வாசல் வெளிச்சம் முகத்தில் விழும், பின்னால் இருபது அடி இருட்டு நடை இருக்கும். பட்டுப்புடவையின் ஜரிகையும் மூக்குத்தியும் அந்த இருட்டுக்கு எதிரே எடுபடுவதைப் பார்த்தால் வேறு செட்டிங் கேட்க மாட்டீர்கள்.

எஃப் 1.4 பற்றி. எஃப் 1.8-லிருந்து 1.4-க்குப் போனால் வெளிச்சம் ஒன்றரை மடங்கைவிடச் சற்று அதிகம், ஸ்டாப் கணக்கில் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) மூன்றில் இரண்டு பங்கு. ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தைப் பெருக்கும் அளவு) 1600 இருந்த இடத்தில் 1000 வைக்கலாம், அவ்வளவுதான். உங்கள் கிட் லென்ஸிலிருந்து 50 எஃப் 1.8-க்கு வருவதுதான் பெரிய தாவல்: 55-இல் கிட் லென்ஸ் எஃப் 5.6, அங்கிருந்து 1.8 என்றால் வெளிச்சம் கிட்டத்தட்ட பத்து மடங்கு. ட்யூப்லைட் வீட்டில் 6400 ஐஎஸ்ஓவில் புள்ளி புள்ளியாக வந்த முகம், அதே ஷட்டரில் 640-க்கு இறங்கிவிடும். கேனனின் பழைய 50 எஃப் 1.4 யுஎஸ்எம் 1993-இல் வந்த வடிவமைப்பு. முழுத் திறப்பில் அது மென்மையாகத்தான் எடுக்கும், அதன் ஃபோகஸ் பொறி அடிபட்டால் எளிதில் பழுதாகும் என்பதும் அதைப் பயன்படுத்துபவர்கள் பரவலாக அறிந்தது. சிக்மாவின் 85 எஃப் 1.4 ஆர்ட், டிஎஸ்எல்ஆர் வடிவம், 1130 கிராம். உங்கள் 200டி பேட்டரியோடு சேர்த்தே 453 கிராம். கேமராவின் இரண்டரை மடங்கு எடையை மூக்கில் தூக்கிக்கொண்டு மீன் ஏலத்துக்குள் நுழைந்து பாருங்கள், கை சொல்லும். 50 எஃப் 1.8 எஸ்டிஎம் 160 கிராம்தான்.

எவ்வளவு ஆழம் ஃபோகஸில் இருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தலை-தோள் படத்தில் எஃப் 1.8 வைத்தால் முன்னும் பின்னும் சேர்த்து சுமார் 5 செ.மீ. மட்டுமே கூர்மையாக இருக்கும். எஃப் 2.8-இல் 8 செ.மீ. ஒரே ஃபிரேம், ஒரே எஃப் எண் என்றால் 50-க்கும் 85-க்கும் இந்த ஆழம் ஒன்றேதான். 85-இல் ஆழம் குறைவு என்று சொல்வது ஒரே இடத்தில் நின்று எடுத்தால் மட்டும் உண்மை. ஒருவர் முகத்தைப் பாதி திருப்பினால் இரண்டு கண்களுக்கும் இடையே ஆழத்தில் நாலரை செ.மீ. வித்தியாசம் வந்துவிடும். எஃப் 1.8-இல் கிட்டக் கண்ணில் ஃபோகஸ் வைத்தால் எட்டக் கண் கரைந்துபோகும். சில படங்களுக்கு அது அழகு. பாட்டியும் பேத்தியும் கன்னத்தோடு கன்னம் வைத்து உட்கார்ந்திருந்தால் அது கெடுதல். அங்கே எஃப் 4-க்குப் போங்கள். தனி முகத்துக்கு எஃப் 2.2-ஐ வழக்கமாக வைத்துக்கொள்வது நல்லது. 50 எஸ்டிஎம் 1.8-இல் சற்று மங்கலான கான்ட்ராஸ்ட் தரும், 2.2 முதல் 2.8 வரை வந்தால் தெளிந்துவிடும். கரைசலில் இழப்பது சொற்பம்.

வியூஃபைண்டரை நம்பி ஆழத்தைக் கணிக்காதீர்கள். டிஎஸ்எல்ஆர் ஃபோகஸிங் ஸ்க்ரீன்கள் எஃப் 1.8-இன் மெல்லிய ஆழத்தை அப்படியே காட்டுவதில்லை, எஃப் 2.8 அளவுக்குத்தான் தெரியும். கண்ணில் பளிச்சென்று தெரிந்தது கார்டில் மங்கலாக இருக்கும். 200டியின் வியூஃபைண்டரில் ஒன்பது ஃபோகஸ் பாயிண்ட்தான். நடுப் பாயிண்டில் கண்ணைப் பிடித்து, பட்டனை அரையளவு அழுத்தியபடியே ஃபிரேமை மாற்றுவது பலருடைய பழக்கம். தலை-தோள் படத்தில் அப்படித் திருப்புவதால் மட்டும் வரும் பிழை ஒரு செ.மீ.க்குள்தான். அதற்குள் நீங்கள் முன்னே சாய்வதும், எதிரே இருப்பவர் சிரித்துத் தலையைப் பின்னே இழுப்பதும்தான் மூன்று நான்கு செ.மீ.யைத் தின்றுவிடுகின்றன. காது கூர்மையாகவும் கண் மங்கலாகவும் வரும் படங்கள் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கின்றன. அதனால் நிதானமாக எடுக்கும் முகங்களுக்கு லைவ் வியூவைப் போட்டு, பின்பக்கத் திரையில் கண்ணைத் தொட்டு எடுங்கள். 200டியில் லைவ் வியூ ஃபோகஸ் சென்சரிலேயே நடக்கிறது. லென்ஸுக்கும் பாடிக்கும் இடையே இருக்கும் முன்-பின் ஃபோகஸ் பிசகு அங்கே வராது. வெயிலில் திரை தெரியாவிட்டால் வியூஃபைண்டருக்கு வந்து, ஃபோகஸ் ஆன உடனே க்ளிக் செய்து, மூன்று நான்கு படமாக எடுங்கள்.

செட்டிங்: எம் (மேனுவல்) மோடு, எஃப் 2.2, ஷட்டர் 1/200, ஐஎஸ்ஓ ஆட்டோ, மேல் வரம்பு 3200. இந்த லென்ஸில் ஸ்டெபிலைசர் கிடையாது. கை நடுக்கத்துக்கு 1/100 போதும், ஆனால் ஆள் அசைவுக்கு 1/200 வேண்டும், குழந்தைக்கு 1/400. ட்யூப்லைட்டும் மலிவான எல்இடியும் இருக்கும் அறையில் ஓர் எச்சரிக்கை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் இந்த விளக்குகள் நொடிக்கு நூறு முறை துடிக்கும். 1/200, 1/500 என்று போனால் ஒரு படம் மஞ்சளாக, அடுத்தது நீலமாக, இன்னொன்றில் குறுக்கே இருட்டுப் பட்டையாக வரும். லென்ஸ் கோளாறு என்று நினைத்துக் கடைக்குப் போகிறவர்கள் உண்டு. விசேஷம் தொடங்கும் முன் வெறும் சுவரை 1/500-இல் பத்துப் படம் எடுத்துப் பாருங்கள். நிறமோ வெளிச்சமோ மாறினால் அந்த அறையில் 1/100-ஐத் தாண்டாதீர்கள். மாறாவிட்டால் கவலையில்லை, எலெக்ட்ரானிக் சோக் போட்ட ட்யூபும் நல்ல எல்இடியும் துடிப்பதில்லை.

கேரம் கிளப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வடசென்னையில் வேகமான லென்ஸ் தன் விலையை அங்கேதான் சம்பாதித்துக் கொடுக்கும். போர்டுக்கு நேர் மேலே ஷேடு போட்ட ஒற்றை விளக்கு, சுற்றிலும் இருட்டு. ஆட்டக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது அவர் முகம் ஷேடின் நிழலில் இருக்கும். நெற்றியில் மட்டும் வெளிச்சம், கண் இரண்டும் குழி. அந்த நேரத்தில் எடுக்காதீர்கள். ஸ்ட்ரைக்கரை வைத்து, குனிந்து, ஒரு கண்ணைச் சுருக்கிக் குறி பார்க்கும்போது, பவுடர் தூவிய வெளிர் நிறப் போர்டிலிருந்து வெளிச்சம் கீழிருந்து மேலாக எழும்பி முகத்தில் படும். கன்னத்துக்கு அடியிலும் இமைக்கு அடியிலும் அது நிரப்பும். எதிர்ப் பக்கத்து ஆட்டக்காரரின் தோளுக்கு அருகில், போர்டின் விளிம்பைவிடச் சற்று உயரத்தில் லென்ஸை வையுங்கள். அங்கிருந்து எதிரே குனியும் முகத்துக்கு ஐந்தடி இருக்கலாம். 50-க்குத் தலை-தோள் ஃபிரேம். எஃப் 2, 1/125-இல் தொடங்குங்கள். சுற்றியுள்ள இருட்டைப் பார்த்துக் கேமரா படத்தை அதிகம் வெளுக்க வைக்கும், போர்டு வெள்ளைத் துண்டாகப் போய்விடும். ஐஎஸ்ஓவை நீங்களே கையில் எடுத்து, போர்டில் பவுடரின் தடம் தெரியும்வரை இறக்குங்கள். ஸ்ட்ரைக்கர் கிளம்பிய பிறகு முகத்தில் வேறு உணர்ச்சி. அதற்கு முந்தைய அரை நொடிதான் உங்களுக்கு வேண்டியது. ஆட்டம் நடக்கும்போது ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம்.

காசிமேட்டில் சிக்கல் நேரெதிர்: வெளிச்சம் அதிகம். நடுப்பகல் வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 1.8 என்றால் 1/8000 ஷட்டர் தேவைப்படும். 200டி 1/4000-உடன் நின்றுவிடும். படம் ஒரு ஸ்டாப் வெளுக்கும். எஃப் 2.8-க்குச் சுருக்கலாம், அல்லது 49 மி.மீ. என்டி8 ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுத்த கண்ணாடி) ஒன்று வாங்கினால் மூன்று ஸ்டாப் குறைத்து 1/1000-க்குக் கொண்டு வந்துவிடும். உண்மையில் அந்த நேரத்தில் முகம் எடுக்காமல் இருப்பதே நல்லது. நம் கரை கிழக்குப் பார்த்தது; விடிந்த முதல் ஒரு மணி நேரம் சூரியன் கடல் பக்கமிருந்து தாழ்வாக, நேராக முகத்தில் விழும். கடலைப் பார்த்து நிற்பவரை எடுத்தால் பின்னால் ஊர். கரையைப் பார்த்து நிற்பவரை எடுத்தால் ஓரம் ஒளிரும் உருவம். பின்னதற்கு ஐஸ் பெட்டியின் வெள்ளைத் தெர்மாகோல் மூடியை யாரையாவது மார்பளவில் பிடிக்கச் சொன்னால் முகம் நிரம்பும். ரிஃப்ளெக்டர் வாங்கத் தேவையில்லை.

பின்னணியில் வலையும் கயிறும் இருந்தால் கவனம். மெல்லிய கோடுகள் நிறைந்த பின்னணியை எந்த மலிவான பிரைமும் அழகாகக் கரைக்காது. ஒவ்வொரு கயிறும் இரண்டாகப் பிரிந்து தெரியும், முகத்தைச் சுற்றி ஒரே பரபரப்பாக இருக்கும். இரண்டடி நகர்ந்து, படகின் நீலப் பலகையோ சிவப்புப் பலகையோ முழுசாகப் பின்னால் வரும்படி நில்லுங்கள். எதிர்வெயிலில் வெள்ளைச் சட்டை, வெள்ளி அரைஞாண், ஈரமான மீன் இவற்றின் விளிம்பில் ஊதாக் கோடு வரும். எஃப் 2.8-க்குச் சுருக்கினால் பெரும்பாலும் போய்விடும். 85 எஃப் 1.8 யுஎஸ்எம்மில் முழுத் திறப்பில் இந்த ஊதா இன்னும் அதிகம், அது 1992-இல் வந்த லென்ஸ்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கறுத்த முகத்தை வெளிறிய வானத்துக்கு எதிரே எடுத்தால் கேமரா முகத்தை இருட்டாக்கும். இருட்டுச் சுவருக்கு எதிரே எடுத்தால் தேவைக்கு மேல் வெளுக்க வைக்கும். முதலாவதற்கு எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு ஸ்டாப் ஏற்றுங்கள், இரண்டாவதற்கு மூன்றில் ஒன்று இறக்குங்கள். கடலில் நிற்பவரின் தோல் நிறம் அவருடையது. எடிட்டிங்கில் அதைச் சிவப்பாக்கிக் கொடுப்பதைவிட, நெற்றியிலும் கன்ன எலும்பிலும் வெளிச்சம் விழும் இடத்தைத் தேடிப் பிடிப்பதில்தான் வேலை இருக்கிறது. சந்துகளில் பச்சை, ரோஸ் என்று அடித்த சுவர்கள் வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும். கன்னத்தில் பச்சை ஏறினால் அது ஒயிட் பேலன்ஸ் கோளாறு அல்ல, எதிர்ச் சுவர். ஆளை நாலடி நகர்த்தினால் போய்விடும்.

85 யாருக்கு? உங்கள் படங்களில் பெரும்பகுதி மொட்டை மாடியில், மைதானத்தில், கடற்கரையில் என்றால் வாங்கலாம். வியாசர்பாடியில் கால்பந்து ஆடும் பையன்களை ஆட்டம் முடிந்த களைப்போடு எல்லைக்கோட்டில் எடுக்க 85 அருமை. பத்தடி தள்ளி நின்றால்தான் இயல்பாக இருப்பார்கள் என்ற நிலை அங்கே உண்டு. கேனன் 85 எஃப் 1.8 குறைந்தது 85 செ.மீ. தள்ளித்தான் ஃபோகஸ் ஆகும். 50 எஸ்டிஎம் 35 செ.மீ. வரை வரும், மருதாணிக் கையைத் தனியாக எடுக்க அது உதவும். வீட்டுக்குள் நாலைந்து பேராக எடுப்பதுதான் அதிகம் என்றால் 50-உம் நெருக்கடிதான். அதற்கு 24 எஃப் 2.8 எஸ்டிஎம் என்ற தட்டையான லென்ஸ் போதும், 125 கிராம். முழு உருவம் ஏழடியில் அடங்கும். தனி முகத்துக்கு அதை வைத்துக் கிட்டப் போகாதீர்கள்.

வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள், காசு செலவில்லை. கிட் லென்ஸை 50-இல் வைத்து ஜூம் வளையத்தின் மேல் செல்லோடேப் ஒட்டிவிடுங்கள். ஒரு வாரம் எல்லாவற்றையும் அதிலேயே எடுங்கள். அடுத்த வாரம் 55-250-ஐ 85-இல் ஒட்டுங்கள். கரைசல் வராது, ஆனால் தூரம் அதே தூரம்தான். எதில் சுவரில் முட்டிக்கொண்டீர்கள் என்று உங்கள் முதுகே சொல்லிவிடும்.

வேறு பாடி வைத்திருப்பவர்களுக்கும் சுருக்கமாக. நிக்கான் டி3000, டி5000 வரிசைகளில் பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. 50 எஃப் 1.8 டி என்ற பழைய லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கினால் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது. ஏஎஃப்-எஸ் என்று எழுதிய 50 எஃப் 1.8 ஜி வாங்க வேண்டும். சோனி கிராப் பாடிக்கு 50 எஃப் 1.8 ஓஎஸ்எஸ், ஸ்டெபிலைசரோடு வருவது. கொஞ்சம் கூடுதல் செலவு செய்ய முடிந்தால் சிக்மா 56 எஃப் 1.4, 280 கிராமில் அதைவிடச் சிறந்த முகப் படம் தரும். மிரர்லெஸ்ஸில் (உள்ளே கண்ணாடி இல்லாத கேமராக்களில்) எஃப் 1.4-க்கு ஒரு நியாயம் உண்டு, ஏனென்றால் கேமராவே கண்ணைத் தேடிப் பிடித்துத் தொடரும். கேனன் ஆர்எஃப் லென்ஸ் எதுவும் உங்கள் 200டியில் பொருந்தாது. இப்போது வாங்கும் இஎஃப் 50-ஐ நாளை கேனனின் மிரர்லெஸ் ஆர் வரிசைக்கு மாறினால் அடாப்டர் போட்டு வைத்துக்கொள்ளலாம்.

செகண்ட் ஹேண்டில் எடுப்பதானால் உங்கள் பாடியையும் ஒரு சின்ன டார்ச்சையும் கொண்டு போங்கள். பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்னால் பாருங்கள். சிலந்தி நூல்போலக் கிளை விட்டுப் படர்ந்திருந்தால் பூஞ்சை. விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். நாலு தூசி இருந்தால் பரவாயில்லை. 50 எஸ்டிஎம்மின் முன் குழல் ஃபோகஸுக்காக வெளியே நீளும். அதை நீட்டியபடியே கேமராவை ஆஃப் செய்து பைக்குள் போட்டால் அடி அதில்தான் விழும். ஃபில்டர் விளிம்பில் நசுங்கல், மவுண்ட் ஸ்க்ரூவில் கீறல் இரண்டும் விழுந்ததற்கோ கழற்றியதற்கோ அடையாளம். கிட்டே ஒன்று, தூரத்தில் ஒன்று என்று மாறி மாறி இருபது முறை ஃபோகஸ் செய்து, இடையில் தடுமாறுகிறதா என்று பாருங்கள். 1990-இல் வந்த பழைய 50 எஃப் 1.8 இரண்டாம் பதிப்பையும் இதே பெயரில் விற்பார்கள். அதில் திறப்பைச் சுருக்கும் பிளேடு ஐந்து, விளக்கு வட்டங்கள் ஐங்கோணமாக வரும், ஃபில்டர் 52 மி.மீ. புதியதில் பிளேடு ஏழு, ஃபில்டர் 49 மி.மீ.

கூடவே இஎஸ்-68 ஹூட் வாங்குங்கள். வெயிலைத் தடுப்பதோடு அந்த முன் குழலுக்கு அதுதான் கவசம். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் காலையில் போய் வந்தால் கண்ணாடியில் உப்பு படிந்திருக்கும். காய்ந்த துணியால் தேய்த்தால் உப்புத் துகளே கோட்டிங்கைக் கீறும். முதலில் ப்ளோயரால் ஊதி, பிறகு லென்ஸ் திரவத்தில் நனைத்த டிஷ்யூவால் நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுழற்றித் துடையுங்கள். லென்ஸைத் தோல் பையிலோ பீரோவில் துணிக்கு நடுவிலோ வைக்காதீர்கள், நம் ஈரப்பதத்தில் பூஞ்சை வருவது அங்கேதான். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிகா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்க வேண்டும், ஜெல் நிறம் மாறினால் மாற்றுங்கள். ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் கண்ணாடி வியர்க்கும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள்.

புது லென்ஸ் கைக்கு வந்த அன்றே, மாற்றித் தரும் கெடு முடிவதற்குள், ஒரு ஸ்கேலை 45 டிகிரி சாய்த்து மேசையில் நிறுத்தி, கேமராவிலிருந்து அதன் நடுக் கோடு இருக்கும் அதே தூரத்தில் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வையுங்கள். கேமராவை ஸ்டாண்டில் வைத்து நாலரை அடியில், எஃப் 1.8-இல், வியூஃபைண்டர் வழியாகத் தீப்பெட்டியில் ஃபோகஸ் செய்து எட்டுப் படம். ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டுப் புதிதாகப் பிடியுங்கள். பிறகு லைவ் வியூவில் எட்டு. பெரிதாக்கிப் பார்த்தால் எந்தக் கோடு கூர்மை என்று தெரியும். லைவ் வியூவில் எல்லாம் சரியாக இருந்து, வியூஃபைண்டரில் எட்டும் ஒரே பக்கமாக இரண்டு செ.மீ.க்கு மேல் தள்ளியிருந்தால் அந்த ஜோடி பொருந்தவில்லை. அந்தப் பிசகைத் திருத்தும் வசதி 200டியின் மெனுவில் கிடையாது. படங்களைக் கடைக்காரரிடம் காட்டி வேறு பீஸ் கேளுங்கள்.